கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர்களின் கேள்விகள்

தீபாவளி விற்பனை முடிந்து கடைகளில் ஆண்டுக் கணக்கு பார்க்கும் வேளையில், நகைக்கடை ஊழியர்களிடமிருந்து இந்தப் பகுதிக்குக் கடிதங்கள் அதிகமாக வருவது வழக்கம். இம்முறை வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் கடைகளின் பெயர்களையும் வெளியிடவில்லை. தொழிலாளர் சட்ட ஆலோசனைக்கு வருவதற்கு முன் நகைக்கடை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், கவுன்டரில் நடப்பவற்றையும் சட்டத்தில் உள்ளவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கு மற்றவற்றைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அதில் சொல்லப்பட்டிருக்கும் அநியாயம் பல ஊர்களில் பழக்கமாகவே ஆகிவிட்டது.

கேள்வி: மதுரையில் ஒரு நகைக்கடையில் தோடு, மூக்குத்தி கவுன்டரில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 14,000 ரூபாய். சென்ற மாதம் ஸ்டாக் எடுத்தபோது எங்கள் கவுன்டரில் 4 கிராம் எடையுள்ள ஒரு ஜோடிக் கல் தோடு குறைவதாகச் சொன்னார்கள். அந்தக் கவுன்டரில் நாங்கள் மூன்று பேர். சாப்பிடப் போகும்போது வேறு கவுன்டரில் இருப்பவர்கள் வந்து நிற்பார்கள். தீபாவளிக் கூட்டத்தில் ட்ரேக்கள் கேட்ட இடத்துக்கெல்லாம் போய்வந்தன. கேமரா பதிவைப் பார்க்கும்படி கேட்டோம், மேனேஜர் மறுத்துவிட்டார். “மூன்று பேரும் பங்கு போட்டுக் கட்டுங்கள்” என்று சொல்லி மாதம் 4,000 ரூபாய் பிடிக்கத் தொடங்கிவிட்டார். “என் கவனக்குறைவால் நகை தொலைந்தது, பணத்தைக் கட்டச் சம்மதிக்கிறேன்” என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். மறுத்தால் போலீசில் புகார் செய்வாராம். வேலைக்குச் சேரும்போது என் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழையும், வெற்றுத்தாள் இரண்டில் கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, முதலில் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், மிரட்டலின்பேரில் வாங்கப்பட்டது என்று தேதியிட்டு உடனே பதிவுத் தபாலில் கடைக்குத் தெரிவித்து, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைந்த பொருளுக்காகச் சம்பளத்தில் பிடிக்க முதலாளிக்கு உரிமையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உரிமை உண்டு, ஆனால் அதற்குச் சட்டம் மிகக் குறுகிய வாசலைத்தான் வைத்திருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்து, இப்போது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பிலும் தொடரும் விதி இதுதான்: அந்தப் பொருள் குறிப்பிட்ட அந்த ஊழியரின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், இழப்பு அவருடைய கவனக்குறைவால் நேரடியாக நேர்ந்ததாக இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் அவர் தம் தரப்பு விளக்கத்தைச் சொல்ல வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும், பிடிக்கும் தொகை உண்மையான இழப்பைத் தாண்டக் கூடாது. “மூன்று பேரும் பங்கு போடுங்கள்” என்று சொல்வதே, யாருடைய கவனக்குறைவு என்று மேனேஜருக்குத் தெரியாது என்பதை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்வதாகும். கேமரா பதிவைப் பார்க்க மறுத்தவர் உங்களுக்கு விளக்கம் சொல்லும் வாய்ப்பைக் கொடுத்தார் என்று எந்த அதிகாரி முன்னும் சொல்லிக்கொள்ள முடியாது.

நகைக்கடை எப்படி நடக்கிறது என்று அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காலையில் லாக்கர் அறையிலிருந்து ட்ரேக்கள் வெளியே வரும்போது ஒவ்வொரு ட்ரேயிலும் எத்தனை உருப்படி, மொத்த எடை எவ்வளவு என்று பார்த்து, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். இரவு அதே கணக்கோடு அது திரும்பிப் போக வேண்டும். நடுவில் விற்றவை பில்லோடும், வேறு கிளைக்குப் போனவை மாற்றுச் சீட்டோடும், கல் விழுந்தோ திருகு தேய்ந்தோ பட்டறைக்குப் போனவை ரிப்பேர் சீட்டோடும் பொருந்த வேண்டும். வாடிக்கையாளர் வீட்டில் காட்டிவிட்டு முடிவு சொல்கிறேன் என்று எடுத்துப்போனவற்றுக்கும் எழுத்து வேண்டும். நல்ல நிர்வாகம் உள்ள கடையில் இதைச் செய்யச் சில நிமிடங்களே பிடிக்கின்றன; அதற்கென்றே ஒருவரை நியமித்திருப்பார்கள்.

நிர்வாகம் சரியில்லாத கடையில் என்ன நடக்கிறது? கூட்ட நாளில் முதலாளியின் உறவினர் ஒருவர் வந்து “அந்த ஜோடியைக் கொஞ்சம் மேல்மாடிக்குக் கொடு” என்று கையில் வாங்கிப் போகிறார். சீட்டு இல்லை. டேக் அறுந்த தோட்டுக்கு அவசரத்தில் வேறு டேக் கட்டப்படுகிறது. விற்கும்போது அந்த டேக்கின் எண்தான் பில்லில் ஏறுகிறது. உண்மையான எண் கணினியில் இருப்பில் உள்ளதாகவே நிற்கிறது. ஸ்டாக் மாதக்கணக்கில் எடுக்கப்படாமல், தீபாவளிக்குப் பிறகு ஒரே நாள் இரவில் எடுக்கப்படுகிறது. அப்போது “குறைகிறது” என்று வரும் தோடு எந்த நாளில் எந்தக் கையிலிருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில் குறைவதாகச் சொல்லப்பட்ட உருப்படிகளில் பல, பட்டறைப் பொட்டலத்திலோ, கிளை மாற்றத்திலோ, டேக் மாறிய இன்னொரு தோட்டின் பெயரிலோ கிடைத்தன. தேடுவதற்கு ஒரு பொறுமையான ஆளும் இரண்டு நாள்களும் வேண்டும், அவ்வளவுதான். தேடாமலேயே ஊழியர் சம்பளத்தில் கைவைப்பது மேனேஜருக்கு எளிதாக இருக்கிறது. நகைக்கடைகள் எடுக்கும் காப்பீட்டிலும் பொதுவாக, ஸ்டாக் எடுக்கும்போது மட்டும் தெரியவரும், காரணம் விளக்க முடியாத குறைவுக்கு இழப்பீடு கிடைக்காது. அந்தச் சுமைதான் மாதம் 14,000 ரூபாய் வாங்கும் உங்கள் தலையில் இறக்கப்படுகிறது.

எனவே எழுத்தில் கேளுங்கள். காணாமற்போனதாகச் சொல்லும் தோட்டின் டேக் எண், எடை, அது கவுன்டருக்கு வந்த தேதி, அன்று கையெழுத்திட்டு வாங்கியவர் யார், கடைசியாகக் கணக்குச் சரியாக இருந்த நாள் எது ஆகியவற்றைக் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். ஹால்மார்க் செய்யப்பட்ட ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள எண் இருப்பதால், அந்த எண்ணையும் கேட்டு, அது விற்பனை பில் எதிலாவது ஏறியிருக்கிறதா என்று சரிபார்க்கக் கோருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமுள்ள நகைகளை அந்த எண் இல்லாமல் விற்கக் கூடாது என்பதால், டேக் மாறியிருந்தாலும் இந்த எண் உண்மையைச் சொல்லிவிட வாய்ப்புண்டு. எடை மிகக் குறைந்த சில உருப்படிகளுக்கு ஹால்மார்க் விலக்கு இருந்தாலும், 4 கிராம் ஜோடித் தோட்டுக்கு எண் இருக்கவே வாய்ப்பு அதிகம். கேமரா பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், பதிவைப் பாதுகாத்து வைக்கும்படியும் அதே கடிதத்தில் எழுதுங்கள். மூவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது. ஒருவரை ஒருவர் சந்தேகிக்க வைப்பதுதான் “பங்கு போடுங்கள்” என்ற உத்தரவின் மிகப் பெரிய கேடு.

தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 தொடக்கத்தில் 60,000 ரூபாயை ஒட்டியிருந்த பவுன் விலை அக்டோபருக்குள் 90,000 ரூபாயைக் கடந்தது. அரைப் பவுன் தோட்டுக்கு அன்றைய விற்பனை விலையைப் போட்டு, செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து உங்களிடம் கேட்டிருப்பார்கள். வாடிக்கையாளரிடம் வாங்கியிருக்கக்கூடிய லாபம் முழுவதையும் ஊழியரிடம் வசூலிப்பது இழப்பை ஈடுசெய்வது ஆகாது. நட்டம் எவ்வளவு, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது.

போலீஸ் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். திருட்டு நடந்திருப்பதாகக் கடை உண்மையிலேயே நம்பினால் புகார் கொடுக்கட்டும்; கேமரா பதிவையும் இருப்புக் கணக்கையும் முதலில் காட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான். எழுதிக் கொடுக்கும்வரை அறையில் உட்கார வைத்து வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. சாட்சி விசாரணைக்கென்று ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு வரும்படி போலீசார் கட்டாயப்படுத்தக் கூடாது. அப்படி ஏதாவது நேர்ந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

சான்றிதழை வைத்துக்கொள்ளவும் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கவும் எந்தச் சட்டமும் கடைக்கு அதிகாரம் தரவில்லை. இரண்டையும் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். கடைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் வைத்துக்கொண்டு, மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுங்கள். சம்பளப் பிடித்தம் பற்றிய கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் எழுப்பலாம். சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்தார்கள் என்று நீங்கள் சொன்னால், உரிய சம்பளத்தைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது என்று ஊதியச் சட்டத்தொகுப்பு தெளிவாகவே கூறுகிறது. நம் மாநிலத்தில் கடையின் தராசுக்கு முத்திரையிடும் எடையளவுத் துறையும் தொழிலாளர் துறையின் கீழேயே இயங்குகிறது. ஆகவே அந்த அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தை எந்த நகைக்கடையும் அலட்சியமாக மேசைமேல் போட்டுவைப்பதில்லை. வழக்கறிஞர் தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு; தொலைபேசி எண் 15100.

இனிமேல் ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வாங்கிய உருப்படி, எடை, இரவில் ஒப்படைத்தது, நடுவில் யார் எதை எடுத்துப் போனார் என்பதை நேரத்தோடு எழுதுங்கள். யாராவது வாய்மொழியாக ட்ரே கேட்டால், “சீட்டு கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள்” என்று சொல்லுங்கள். முதல் நாள் முகம் சுளிப்பார்கள், அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் பெரிய நகைக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை 9 மணி முதல் இரவு 9.30 வரை நின்றுகொண்டே இருக்கிறோம். வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்காரக் கூடாது என்பது ஃப்ளோர் மேனேஜரின் உத்தரவு. கழிவறைக்குப் போனால் நேரம் குறிக்கிறார்கள். இரவு கிளம்பும்போது பையைச் சோதிப்பது சரி. ஆனால் பெண்களைத் தொட்டுச் சோதிக்கும்போது அந்த இடத்தில் ஆண் காவலாளிகளும் நிற்கிறார்கள்.

பதில்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் உட்காரும் வசதி இருந்தாக வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும் என்பதே அதன் நோக்கம். இதற்கு முன்னோடி கேரளம். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு கடைகளில் வேலைபார்த்த பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளியின் முன்முயற்சியில் ‘பெண்கூட்டு’ என்று அமைப்பாகத் திரண்டு, கழிவறைக்காகவும் இருக்கைக்காகவும் பல ஆண்டுகள் போராடியதன் விளைவாக, 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை என்று யாரும் உங்களிடம் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். ஒரு மூலையில் இரண்டு ஸ்டூலைப் போட்டுவிட்டு அதில் உட்காருபவரை முறைத்துப் பார்ப்பதும் சட்டத்தை மதிப்பதாகாது.

வேலை நேரமும் மீறப்படுகிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் வரம்பு. கூடுதல் வேலை வாங்கினாலும் நாளுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு இருமடங்குச் சம்பளம் தர வேண்டும். 4 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை உண்டு. ஓய்வையும் சேர்த்து, வேலை தொடங்கி முடியும் நேரம் 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். உங்கள் கடையில் அது பன்னிரண்டரை. வருகைப்பதிவில் 8 மணி நேரம் என்று மட்டும் காட்டியிருப்பார்கள். எனவே நீங்கள் உள்ளே வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் தினமும் குறித்துவையுங்கள்.

சோதனையைப் பொறுத்தவரை, தங்கம் விற்கும் கடையில் ஊழியர்களைச் சோதிப்பதை முழுவதும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் பெண்ணைப் பெண்தான், ஆண்கள் கண்ணில் படாத தனி இடத்தில், மரியாதையோடு சோதிக்க வேண்டும். மேனேஜரும் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் அதே சோதனைக்கு உட்படும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. சோதனையின்போது தகாத தொடுதலோ பேச்சோ இருந்தால், 10 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அந்தக் குழுவே கடையில் இல்லையென்றால், மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போங்கள்.

கேள்வி: திருச்சியில் நகைக்கடை விற்பனையாளராக இருக்கிறேன். மாதம் 15 பேரை நகைச்சீட்டில் சேர்க்க வேண்டும் என்று டார்கெட். சேர்க்காவிட்டால் இன்சென்டிவ் இல்லை, வார விடுமுறையும் இல்லை. என் மாமியார், மைத்துனி, தெருக்காரர்கள் எல்லோரையும் சேர்த்துவிட்டேன். இப்போது முதிர்ந்த சீட்டுக்கு நகை கேட்டால் “அடுத்த வாரம் வாருங்கள்” என்று திருப்பி அனுப்புகிறார்கள். மக்கள் என் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள்.

பதில்: தம்பி, “அடுத்த வாரம்” என்ற பேச்சைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நகைச்சீட்டுகள் 11 மாதத் தவணையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பொருளுக்கான முன்பணத்தை 365 நாள்களுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும், தவறினால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்று 2014-ஆம் ஆண்டின் நிறுவன வைப்புத்தொகை விதிகள் சொல்கின்றன. முதிர்ந்த சீட்டுக்கு நகை கொடுக்க முடியாத கடை, வாடிக்கையாளர் பணத்தை வேறு எதிலோ போட்டுவிட்டது என்றே நான் பொருள்கொள்வேன். 2023-இல் உங்கள் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு நகைக்கடை திடீரென்று மூடப்பட்டு, பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்ததை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். முதலாளிகள் எட்டாத தொலைவில் இருந்தபோது, சீட்டுப் போட்டவர்களின் கேள்விக்கெல்லாம் முகம் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் கடை ஊழியர்களே.

இன்றிலிருந்து யாரையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களிடம் தவணைப் பணத்தை உங்கள் கையிலோ உங்கள் ஜிபே எண்ணிலோ ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். கடையின் கவுன்டரில் கட்டிக் கடையின் ரசீதை வாங்கச் சொல்லுங்கள். இதற்கு முன் உங்கள் எண்ணில் வாங்கி, கடையில் கட்டியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் தேதியும் ரசீது எண்ணும் எழுதிப் பொருத்தி வையுங்கள். “நான் பொறுப்பு” என்று யாருக்கும் வாய்ச்சொல்லாகக்கூட வாக்குக் கொடுக்க வேண்டாம். சீட்டு முதிர்ந்தவர்கள் கடைக்கு எழுத்தில் கோரிக்கை கொடுக்கட்டும். உரிய காலத்தில் நகையோ பணமோ வராவிட்டால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போக வேண்டியதுதான். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்காகவே இருக்கிறது. உங்கள் மாமியாரையும் மைத்துனியையும் முதலில் அழைத்துப் போய்க் கோரிக்கை கொடுக்க வையுங்கள். உறவுக்குள் சங்கடம் வரும் என்று தள்ளிப்போட்டால், பின்னால் வரும் சங்கடம் இதைவிடப் பெரிதாக இருக்கும். வார விடுமுறையை டார்கெட்டோடு முடிச்சுப்போட எந்தக் கடைக்கும் அதிகாரம் கிடையாது. அது சம்பளத்தோடு கூடிய விடுமுறை. வேறு வேலையையும் தேடத் தொடங்குங்கள். இதை மனம் வருந்தியே சொல்கிறேன்.

கேள்வி: ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த நகைக்கடையிலிருந்து விலகினேன். “கணக்குப் பார்த்துச் சொல்கிறோம்” என்று இரண்டு மாதமாகக் கடைசிச் சம்பளத்தைக் கொடுக்கவில்லை. எனக்கு வேறு என்ன வர வேண்டும்? (ஈரோடு)

பதில்: இப்போதைய ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, ஊழியர் தாமாக விலகினாலும் இரண்டு வேலை நாள்களுக்குள் சம்பளத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஐந்து ஆண்டுகளைத் தாண்டியிருப்பதால், கடையில் 10 பேரோ அதற்கு மேலோ வேலைபார்த்திருந்தால், பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்களுக்கு உண்டு. ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் அதைக் கேளுங்கள். வருங்கால வைப்பு நிதிக்குச் சம்பளத்தில் பிடித்திருந்தால், அந்தப் பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதவாரியாகப் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட மாதங்கள் இருந்தால், வைப்பு நிதி அலுவலகத்தில் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். பயன்படுத்தாத ஈட்டிய விடுப்புக்கும் பணம் கேட்கலாம்.

கேள்வி: பத்து ஆண்டுகள் விற்பனையில் இருந்த என்னைச் சென்னை தியாகராய நகரில் உள்ள எங்கள் கடையின் ஃப்ளோர் மேனேஜராக உயர்த்தியிருக்கிறார்கள். முதலாளி ஒன்று சொல்கிறார், அவர் மகன் வேறு சொல்கிறார், மைத்துனர் இன்னொன்று சொல்கிறார். ஒரே நாளில் ஒரு வாடிக்கையாளருக்குச் சேதாரத்தில் 4 சதவீதம் குறைத்துக் கொடுக்கிறார்கள். அடுத்தவருக்கு நான் 2 சதவீதம் குறைத்ததற்கு எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டுகிறார்கள். தீபாவளிக்கு முன் நல்ல விற்பனையாளர்கள் ஏழு பேர் வேலையை விட்டுப் போனார்கள். நானும் மற்றவர்களைப் போலவே கத்தும் மேனேஜராக ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஐயா, வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். கடையில் மோசமான மேனேஜர் என்று பெயரெடுப்பவர்களில் பலர் நேற்றுவரை நல்ல விற்பனையாளர்களாக இருந்தவர்கள். மேலிருந்து வரும் மூன்று விதமான உத்தரவுகளையும் திட்டுகளையும் வாங்கி, அப்படியே கீழே இருப்பவர்கள்மீது இறக்கிவிடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி காட்டப்படவில்லை.

முதலில் சேதாரத் தள்ளுபடிக்கு ஓர் எல்லையை எழுத்தில் வாங்குங்கள். விற்பனையாளர் எத்தனை சதவீதம் குறைக்கலாம், நீங்கள் எத்தனை, அதற்கு மேல் யார் கையெழுத்து என்பதை ஒரு தாளில் எழுதி, முதலாளி குடும்பத்தினர் மூவரும் ஒன்றாக இருக்கும் நேரத்தில் வைத்துக் கேளுங்கள். தனித்தனியே கேட்டால் தனித்தனி பதில்தான் வரும். பேசும்போது ஊழியர்களின் மனக்குறையிலிருந்து தொடங்காதீர்கள்; தள்ளுபடியில் போன பணத்தின் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாத பில்களை எடுத்து, யார் சொல்லி எவ்வளவு குறைக்கப்பட்டது என்று காட்டினால், வியாபாரம் தெரிந்த எந்த முதலாளியும் நிமிர்ந்து உட்காருவார். போன ஏழு பேரின் பின்னால் எத்தனை வாடிக்கைக் குடும்பங்கள் போயின என்பதையும் சொல்லுங்கள். திருமண நகை எடுக்க வருபவர்கள் கடையின் பெயரைவிட, சென்ற முறை பொறுமையாக எடுத்துக்காட்டிய விற்பனையாளரைத்தான் தேடி வருகிறார்கள் என்பது பத்து ஆண்டுகள் கவுன்டரில் நின்ற உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கையில் உள்ளவற்றை யாரிடமும் கேட்காமலே மாற்றலாம். வாடிக்கையாளர் முன்னால் எந்த ஊழியரையும் கண்டிக்காதீர்கள். ஆரம் ஒன்றைக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்மணியின் எதிரில், அதைக் காட்டிக்கொண்டிருக்கும் பெண்ணைத் திட்டினால், அந்த ஆரம் பெரும்பாலும் ட்ரேக்குத்தான் திரும்பும். தவறு நடந்தால் இடைவேளையில் தனியே அழைத்துப் பேசுங்கள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகும் ஒவ்வொருவருக்காகவும் விற்பனையாளரை விசாரிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். பவுன் விலை ஏறிய வேகத்தில் மக்கள் இரண்டு, மூன்று கடைகளில் விசாரித்துவிட்டுப் போவதில் யார் தவறும் இல்லை. சாப்பாட்டு நேரத்தை முறைவைத்து எழுதி ஒட்டுங்கள். கூட்டம் இருந்தாலும் அந்த முறை மாறக் கூடாது. மாற்றியே ஆக வேண்டிய நாளில் நீங்களே கவுன்டருக்குள் போய் நில்லுங்கள். ஒரு விற்பனைக்கு வரும் இன்சென்டிவை யார் பெயரில் போடுவது என்பதில்தான் விற்பனையாளர்களுக்குள் மிக அதிகமாகச் சண்டை வருகிறது. வாடிக்கையாளரை வரவேற்று அரை மணி நேரம் காட்டியவர் ஒருவராகவும் பில் போட்டவர் மற்றொருவராகவும் இருந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை இப்போதே எல்லோரையும் வைத்துப் பேசி முடிவெடுங்கள்.

ஸ்டாக்கைப் பொறுத்தவரை, மதுரை வாசகிக்கு எழுதிய பதிலைப் படித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் நிலைமை உங்கள் தளத்தில் யாருக்கும் வரக் கூடாது. தினமும் ஒரு கவுன்டர் என்ற கணக்கில் சுழற்சியாக எண்ணி எடைபார்த்தால், குறைவு தெரியும்போது அது சில நாள்களுக்குள் நடந்ததாக இருக்கும். கேமரா பதிவும் அழியாமல் கையில் இருக்கும். முதலாளி வீட்டார் எடுத்துப் போகும் நகைக்கும் சீட்டு எழுதுங்கள். இதற்கு எதிர்ப்பு வரும். “எங்களையே சந்தேகிக்கிறாயா” என்று கேட்பார்கள். “உங்கள் நகைக்குத்தான் கணக்கு எழுதுகிறேன்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டுச் சீட்டில் கையெழுத்துக் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்தும் மூன்று பேரும் மூன்று விதமாகவே நடந்து, தளத்தில் நேரும் ஒவ்வொன்றுக்கும் உங்களையே பொறுப்பாக்கினால், அட்சய திருதியை வரை பாருங்கள். அதற்குள் உங்கள் பொறுப்பும் அதிகாரமும் எழுதப்பட்ட கடிதம் கைக்கு வரவில்லையென்றால், ஃப்ளோர் மேனேஜர் என்ற பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி விற்பனைக்குப் போவதிலோ, வேறு கடைக்குப் போவதிலோ எந்தக் குறைவும் இல்லை. போவதென்று முடிவு செய்தால், கடைசி நாளில் எல்லாக் கவுன்டர்களின் இருப்பையும் எண்ணி எடைபார்த்து ஒப்படைத்து, உங்கள் காலத்தில் எந்தக் குறைவும் இல்லை என்று முதலாளியின் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.